கரையில் இரண்டு வரிசை

இன்னாசி வீட்டுக்கா போறீங்க? அப்போ கடைசி நிறுத்தத்தில்தான் இறங்கணும், தங்கச்சி. இப்படி என் பக்கம் தள்ளி உட்காருங்க, அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, காற்று சுள்ளென்று அடிக்கும். நானும் அங்கேதான் இறங்குவேன். அவர் வீட்டுக்கு எதிர்வரிசையில் என் வீடு. அவர் எனக்குக் கொழுந்தன் முறை. முறை என்ன முறை, என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தம்பி.

மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கத்தானே? உங்கள் முகத்திலேயே எழுதியிருக்கு. பையன் தங்கமான பையன். துறைமுகத்தில் வேலை, குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் மணிக்கே வந்து நிற்பான். அவனைப் பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். அவன் அப்பாவைப் பற்றிக் கேட்டீங்கன்னா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. பொய் சொல்லவும் வாய் வராது. புறணி பேசினால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியாகணும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நீங்களே நிறுத்துப் பாருங்க.

என் மகள் பெர்னதெத் விமானம் ஓட்டுகிறாள். ஆமாம், விமானம்தான். சிரிக்காதீங்க, எல்லாரும் முதலில் இப்படித்தான் பார்ப்பாங்க. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கு. அங்கேதான் படித்தாள், இப்போது அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரிய விமானம் இல்லை. நம்ம ஆட்டோவுக்கு இறக்கை வைத்த மாதிரி சின்னதாக இருக்கும். அவளுடைய அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு தடவை உள்ளே உட்காரவைத்துக் காட்டினாள். கடலில் வள்ளம் ஓட்டிய மனுஷன், கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம வள்ளமே இதைவிடக் கெட்டியா இருக்கு புள்ள” என்றார்.

பகலில் அவள் பறப்பதில் எனக்குப் பயம் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிறதே. ராத்திரியில் பறக்கணும் என்றபோதுதான் பயம் பிடித்தது. அந்தச் சின்ன விமானத்தில் வெளியே கண்ணால் பார்த்துத்தான் ஓட்டணுமாம். இருட்டில் எதைப் பார்ப்பது? அவள் பொறுமையாகத்தான் சொல்வாள். ஒரே வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகருகிற மாதிரித் தோன்றுமாம். கணவாய் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிற போட்டுகளின் விளக்கும் நட்சத்திரமும் ஒன்றாகத் தெரியுமாம், வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதாம். மேகம் வந்தால் அதற்குள் நுழைந்த பிறகுதான் மேகம் என்று தெரியுமாம். இதையெல்லாம் சாம்பாருக்கு உப்பு குறைவு என்கிற மாதிரிச் சொல்வாள். கேட்கிற நான்தான் ஜெபமாலையை எடுப்பேன்.

ராத்திரிப் பறப்பு இருக்கிற அன்றைக்கு மத்தியானமே படுத்துத் தூங்குவாள். சாயங்காலம் வேளையோடு சாப்பிட்டுவிட்டு, விளக்குப் போடாமல் அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். கண் இருட்டுக்குப் பழகணுமாம். பையில் இரண்டு டார்ச் லைட், இரண்டுக்கும் சிவப்புத் தாள் ஒட்டியிருப்பாள். ஒருநாள் பிள்ளை ஏதோ மனக்கஷ்டத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, மந்திரித்த மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே சிலுவை போட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். “போச்சு. இனி முதல்லயிருந்து உட்காரணும்” என்றாள். கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு மறுபடி இருட்டில் உட்கார்ந்தாள். அப்படி ஒரு பிள்ளை.

அப்புறம் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சண்டை போட்டால் கேட்க மாட்டாள். அன்பாகச் சொன்னால் தட்ட மாட்டாள். இருட்டுப் பறப்பு வருகிற நாளாகப் பார்த்து, நவநாள் ஜெபம் இருக்கு, நீ பக்கத்தில் இரு என்பேன். அது முடிந்ததும் முழங்கால் வலி. வலி பொய் இல்லை, தங்கச்சி, வலித்தது. அன்றைக்குக் கொஞ்சம் கூட வலித்தது. அதுக்கப்புறம் அமாவாசை இருட்டு வேண்டாம் என்றேன். அதுக்கப்புறம் அவள் அப்பாவின் வருஷ நினைவுப் பூசை. இப்படியே மாதாவின் கிருபையால் அந்த மழைக்காலம் முழுக்க அவளை ஒரு ராத்திரிகூட ஏற விடாமல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு ராத்திரியும் அவள் என் பக்கத்தில் படுத்துத் தூங்கும்போது, இன்றைக்குப் பிள்ளை பத்திரம் என்று ஜெபமாலையில் ஒரு பத்துமணி கூடுதலாகச் சொல்லுவேன்.

அவள் மட்டும் அப்பப்போ சொல்வாள், “இப்படியே விட்டா கை மறந்துபோகும்மா” என்று. கை எங்கேயாவது மறக்குமா? நான் வலை பின்னுவதை விட்டு எத்தனையோ வருஷம். இன்றைக்கு ஊசியைக் கொடுங்க, பின்னிக் காட்டுகிறேன்.

ஆனால் அவர்கள் சட்டம் வேறு மாதிரி. இருட்டில் ஏறி இறங்கி இத்தனை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால், இருட்டில் இன்னொருத்தரைக் கூட ஏற்றிக்கொண்டு போகக்கூடாதாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. படிக்கிற பிள்ளைகள் இவளுக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். முதலில் பெரிய வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று பார்ப்பாராம், அப்புறம் இவள் தனியாக இருட்டில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தன் கை சரியாகத்தான் இருக்கு என்று காட்டணுமாம். அந்தப் பெரிய வாத்தியார் பட்டாளத்தில் விமானம் ஓட்டியவர், மீசை அப்படியே இருக்கும். அன்றைக்கு எனக்கு எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைத்தேன்.

சாயங்கால ஜெபம் முடிந்து வந்து கொல்லைப்பக்கம் நின்றேன். எங்கள் கொல்லையில் நின்றால் உப்பளம் தெரியும், அதுக்கு அப்பால் அந்தப் பள்ளிக்கூடத்தின் கம்பத்தில் சுற்றுகிற விளக்கு தெரியும். பச்சையும் வெள்ளையுமாக வந்து வந்து போகும். விமானம் ஏறுகிற சத்தம் கேட்டது, சுற்றி வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. நான் விரலில் மணியை உருட்டிக்கொண்டே நிற்கிறேன். மறுபடி ஏறினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போச்சு.

எங்கள் தெரு மட்டும் இல்லை. கோயில், ஐஸ் கம்பெனி, எல்லாம் போச்சு. நான் உப்பளத்துப் பக்கம் பார்க்கிறேன், அந்தச் சுற்றுகிற விளக்கையும் காணோம். அங்கேயும் இருட்டு. தங்கச்சி, நிலா இல்லாத இருட்டு என்றால் உங்க ஊரில் உங்களுக்குத் தெரியாது. கடலோரத்து இருட்டு தனி. என் கையை என்னால் பார்க்க முடியவில்லை. மேலே மட்டும் சத்தம். பிள்ளையின் சத்தம். வருகிறது, போகிறது, கடல் பக்கம் போய்த் திரும்பி வருகிறது. இறங்க இடம் தெரியாமல் சுற்றுகிறாள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குச் சொல்லணும். போட்டு வரத் தாமதமானால் நாங்கள் பெண்கள் விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் நிற்போம். யார் வீட்டுப் போட்டு என்று கேட்க மாட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு புயலில் இன்ஜின் நின்றுபோய்த் திசை தெரியாமல் கிடந்து, எங்கள் விளக்கைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தார். அதே போட்டில் இந்த இன்னாசியும் இருந்தார். அதே வெளிச்சத்தைப் பார்த்து உயிர் பிழைத்த மனுஷன். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

நான் ஓடினேன். முழங்கால் எங்கே போச்சு என்று தெரியவில்லை. வீடு வீடாகத் தட்டினேன். பிள்ளைக்குக் கரை தெரியலை, விளக்கு எடுத்துட்டு வாங்க என்று சொன்னதுதான் தாமதம், ஒருத்திகூடக் கேள்வி கேட்கவில்லை. பெட்ரோமாக்ஸ், எமர்ஜென்சி லைட், அரிக்கேன், செல்போன், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இளவட்டங்கள் பைக்கைக் கொண்டுவந்து முன் விளக்கைப் போட்டார்கள். நாங்கள் வழக்கமாகத் தண்ணீர் ஓரத்தில்தான் நிற்போம். ஆனால் நான் அந்த விமானப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் போனவள். விமானம் இறங்குகிற பாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் விளக்கு வரிசை, நடுவில் இருட்டு. மற்றவளுக்கு இது தெரியுமா? மாதாதான் அந்த நேரத்தில் எனக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தாள்.

கோயிலிலிருந்து ஐஸ் கம்பெனி வரைக்கும் வலை காயப்போடுகிற சிமெண்டுத் தளம் இருக்கு. ரோடு மாதிரி நேராக, அகலமாக இருக்கும். கோடியில் வலை கட்டித் தூக்குகிற இரும்புக் கம்பங்கள், அவ்வளவுதான். அந்தத் தளத்துக்கு இரண்டு பக்கமும் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். நீ இங்கே, நீ அங்கே, இடைவெளி விட்டு நில்லுங்க என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினேன். என் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்த பெட்ரோமாக்ஸை முதல் ஆளாக வைத்தேன். நின்று பார்த்தால், தங்கச்சி, அச்சு அசலாக அதே மாதிரி இருந்தது. எல்லாரும் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள்.

சத்தம் கடல் பக்கத்திலிருந்து திரும்பியது. திரும்பி, நேராக எங்களைப் பார்த்து வந்தது. விமானத்தின் விளக்கு தெரிந்தது. ஒரு சொட்டு வெளிச்சம், அது அப்படியே கீழே இறங்குகிறது. பார்த்துவிட்டாள். என் பிள்ளை என் விளக்கைப் பார்த்துவிட்டாள். பெண்கள் எல்லாரும் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். வருகிறாள், வருகிறாள், இன்னும் கீழே.

அப்போதுதான் இந்த மனுஷன் வந்தார்.

இருட்டில் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. சட்டைகூட இல்லை. “அணைங்க, எல்லாத்தையும் அணைங்க” என்று அடித் தொண்டையிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார். பைக்குகளின் சாவியைப் பிடுங்கி எறிந்தார். எமர்ஜென்சி லைட்டுகளைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார். பெண்கள் கையிலிருந்த விளக்கைத் தட்டிவிட்டார், சொந்தப் பெண்டாட்டியின் கையில் இருந்ததையும்தான். நான் என் பெட்ரோமாக்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். தம்பி, உங்களுக்குப் பைத்தியமா, பிள்ளை இறங்கி வருது பாருங்க என்றேன். அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? இதை என் வாயால் சொல்லக்கூடாது, ஆனால் நீங்கள் சம்பந்தம் பேசப் போகிறவங்க.

“மதினி, பிள்ளையைக் கொல்லப் போறீங்க.”

அந்த நேரத்தில் அந்தச் சொல். ஒரு தாயைப் பார்த்து. பிள்ளை வானத்தில் தொங்கிக்கொண்டு இருக்கும்போது. சொல்லிவிட்டு என்னைத் தள்ளிவிட்டு, வெறுங்காலால் அந்தப் பெட்ரோமாக்ஸை மிதித்தார். கண்ணாடி நொறுங்கி, உள்ளே எரிகிற மாண்டில் பறந்துபோச்சு. என் பக்கத்து வரிசை முழுக்க இருட்டு. எதிர் வரிசையில் ஒன்று, இரண்டு மினுக்கிக்கொண்டு இருந்ததுகள், அதுகளையும் பயந்துபோய் அவர்களே அணைத்துவிட்டார்கள்.

அப்போது விமானம் எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இன்ஜின் அலறியது. காற்றில் முக்காடெல்லாம் பறந்தது, மணல் கண்ணில் விழுந்தது, நாங்கள் அத்தனை பேரும் குப்புறப் படுத்தோம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அந்தச் சொட்டு வெளிச்சம் இரும்புக் கம்பத்துக்கு மேலே ஏறிப் போய்க்கொண்டு இருந்தது. போய்விட்டாள். இறங்க வந்த பிள்ளை இறங்காமல் போய்விட்டாள்.

அதுக்கப்புறம் அவள் மறுபடி மேலே சுற்றினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் மறுபடி ஜெபமாலையை எடுத்தார்கள். இன்னாசி மட்டும் தளத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் உப்பளத்துக்கு அப்பால் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள் போல, அந்தப் பச்சையும் வெள்ளையும் சுற்ற ஆரம்பித்தது. சத்தம் அந்தப் பக்கம் போச்சு, குறைந்தது, நின்றது. நான் அங்கேயே முழங்காலில் விழுந்தேன். இன்னாசியும் அழுதார் என்று அவர் பெண்டாட்டி அப்புறம் சொன்னாள். அழ வேண்டியவர்தான். உள்ளங்காலெல்லாம் கொப்புளம், கண்ணாடி வேறு குத்தியிருந்தது. ஆண்டவர் உடனுக்குடன் கணக்குக் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் மகள் வந்தாள். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு நேரே எங்கே போனாள் தெரியுமா? சித்தப்பா வீட்டுக்கு. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அவர் காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

“என் விளக்கைப் பார்த்தியா புள்ள?”

“பார்த்தேம்மா.”

“அப்புறம் ஏன் இறங்கலை?”

அப்புறம் என் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, “ஒரு பக்கம் அணைஞ்சுதேம்மா. அதைப் பார்த்துத்தான் மேலே தூக்கினேன்” என்றாள்.

கேட்டீங்களா? அவள் வாயாலேயே சொன்னாள். இவர் அணைக்காமல் இருந்திருந்தால் அவள் என் முன்னாலேயே இறங்கியிருப்பாள். இறங்க வந்தவளை மறுபடி அந்த இருட்டுக்குள் துரத்திவிட்ட மனுஷன். நான் இதைச் சொன்னபோது அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், “காப்பி போட்டுத் தாம்மா” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே பெரிய வாத்தியாரும் வந்தார். மரியாதையான மனுஷர். மக்ரூன் வைத்தேன், சாப்பிட்டார். இறங்குகிற பாதைக்கு விளக்கு வரும்வரைக்கும் உயரத்திலேயே சுற்று என்று அவர்கள் ரேடியோவில் சொல்லியிருந்தார்களாம். இவள் கடல் பக்கம் போய்த் திரும்பும்போது இரண்டு வரிசை தெரிந்ததும், பாதைக்கு விளக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாளாம். திசைமுள் ஒத்துவரவில்லை, அதைப் பார்த்தும் கண் சொன்னதையே நம்பிவிட்டாள், அடிக்கடி இருட்டில் பறந்து பழகிய கையாக இருந்தால் முள்ளை நம்பியிருக்கும் என்றார். இனிமேல் அவளை ராத்திரிப் பறப்புக்குத் தவறாமல் அனுப்புங்கம்மா, விட்டுவிட்டுப் பறப்பதுதான் ஆபத்து என்றார். சரிங்க ஐயா என்றேன். பாதி புரியவில்லை. படித்தவர்கள் பேசினால் பாதி அப்படித்தான். போகும்போது இன்னாசி வீடு எது என்று கேட்டு, அங்கேயும் போனார். ஊரே என் கொழுந்தனைத்தான் தேடிப் போகுது.

இப்போது அவள் தவறாமல் போகிறாள். சாக்குச் சொல்ல என்னை விடுவதில்லை. எந்த ராத்திரி பறக்கிறாள் என்று முன்பெல்லாம் எனக்குத்தான் முதலில் சொல்வாள். இப்போது சித்தப்பாவுக்குப் போன் போடுகிறாள். அந்தச் சாயங்காலங்களில் அவர் நொண்டிக்கொண்டே கரையோரமாக நடந்து போகிறார், வலைத் தளத்தில் யாராவது விளக்கு வைத்திருந்தால் அணைக்கச் சொல்கிறார். பழக்கதோஷம். பைக்கை நிறுத்திவிட்டு லைட் எரியவிடுகிற பையன்களைத் திட்டுகிறார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். அவருக்காகவும் ஒரு அருள்நிறை ஜெபம் சொல்லிவிடுவேன்.

என்னிடம் மகள் கேட்டது ஒன்றே ஒன்று. “நான் ஏறுற அன்னைக்கு வீட்டு வாசல் லைட்டைக்கூடப் போடாதேம்மா. எனக்குக் கரை இருட்டாத் தெரியணும்.” காரணம் கேட்கவில்லை நான். அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் எங்கள் கரையில் விளக்கில்லாத வீடு என்றால் காத்திருக்க ஆள் இல்லாத வீடு என்று அர்த்தம், தங்கச்சி. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும். இருந்தாலும் போடுவதில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்துவிடுவேன். மணி விரலில் தட்டுப்படும், அது போதும். மேலே சத்தம் வரும், உப்பளத்துப் பக்கம் போகும், குறையும். நிற்கும். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து சுவிட்சைப் போடுவேன்.

நான் போடுகிற அதே நேரத்துக்கு எதிர்வரிசையில் இன்னாசி வீட்டிலும் விளக்கு எரியும். அதுவரைக்கும் அந்த வீடும் இருட்டாகத்தான் கிடக்கும். கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் போல. அதையும் உங்க மகளுக்குச் சொல்லிவையுங்க, மாமனார் கொஞ்சம் சிக்கனம்.

எழுந்திருங்க, தங்கச்சி. ஊர் வந்துவிட்டது. பையை நான் பிடித்துக்கொள்கிறேன், படி உயரம்.